மெடிக்கல் கேம்ப் முடிஞ்சு பஸ் கிளம்பின பிறகு அந்த ஊர் ஜனங்களை யார் பாக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் ஸ்கூல் லீவு வரப்போகுது, நம்ம சிங்கப்பூர் தமிழ் சபைகள்ல இந்நேரம் மிஷன் ட்ரிப்புக்கு பேரு எடுத்துக்கிட்டு இருப்பாங்க, எங்க சபை நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டியாச்சு, வாட்ஸ்அப் குரூப்லயும் வந்தாச்சு. தமிழ்நாடு, நேப்பாளம், கம்போடியா, பாத்தாம்னு ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஊரு, பலதுல மெடிக்கல் கேம்ப்பும் சேர்த்திதான். நான் இங்க பாலிகிளினிக்ல தாதியா வேலை பாக்கறேன். சில வருஷமா ஜூன் மாசம் லீவு போட்டு சபை ஆளுங்களோட புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு கிராமத்துக்கு போய், அங்க உள்ள ஒரு சின்ன மிஷன் கிளினிக்ல உதவி செஞ்சிட்டு வர்றேன். மூப்பர்கள், யூத் லீடர்ஸ், பிள்ளைங்கள அனுப்பற பெத்தவங்க எல்லாரும் உங்க பேப்பர் படிக்கறவங்கதான், அதனாலதான் இதை உங்களுக்கு எழுதறேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். வருஷத்துக்கு ஒரு புது ஊருன்னு போய், ஒரு நாள் பந்தல் போட்டு, முந்நூறு பேருக்கு மாத்திரை குடுத்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டு வர்ற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. வருஷம் பூரா அங்கேயே இருந்து ஜனங்கள பாக்கற நர்சோ டாக்டரோ உள்ள இடமா தேடுங்க. அவங்க என்ன வேலை குடுக்கறாங்களோ அதை அவங்களுக்கு கீழ நின்னு செய்யுங்க, அடுத்த வருஷமும் அதே ஊருக்கே போங்க.

ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்னா, நான் கண்ணால பார்த்தது ஒன்னு இருக்கு. அறுபது வயசுக்கு மேல ஒரு அம்மா, ரெண்டு காலும் வீங்கி, எந்திரிச்சா தலை சுத்துதுன்னு கிளினிக்குக்கு வந்தாங்க. அங்க உள்ள நர்சம்மா அவங்கள நல்லா தெரிஞ்சவங்க, ஊருல முக்கால்வாசி பேருக்கு வீட்டுப்பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க, "பைய கொட்டு ஆத்தா"ன்னு சொன்னாங்க. அந்தம்மா மஞ்சப்பையை மேஜை மேல கவுத்தாங்க. ஒரு அட்டை ஆம்லோடிபின், அதாவது பிபி மாத்திரை, 5 மில்லிகிராம், கவர்மெண்ட் குடுத்தது. இன்னொன்னு வெட்டின அட்டை, பேரு பாதி போயிருக்கு, வேற கலரு, வேற கம்பெனி. வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா அதுவும் ஆம்லோடிபின்தான், 10 மில்லிகிராம். எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, கொஞ்ச நாள் முன்னாடி வெளியூர்ல இருந்து ஒரு குழு வந்து ஸ்கூல்ல கேம்ப் போட்டாங்களாம், "ஏற்கனவே மாத்திரை சாப்புடுறியா"ன்னு கேட்டதுக்கு இந்தம்மா "இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க, ஏன்னா உண்டுன்னா இங்க குடுக்க மாட்டாங்கன்னு பயம். ஒன்னு கவர்மெண்ட் மாத்திரை, ஒன்னு நல்ல மாத்திரைன்னு நினைச்சு ரெண்டையும் முழுங்கியிருக்காங்க. ஒரு நாளைக்கு 10க்கு மேல போகக்கூடாத மருந்து, அந்தம்மா 15 சாப்பிட்டிருக்காங்க, அந்த மருந்து கூடினா கால் வீங்கும்னு எந்த தாதிக்கும் தெரியும். அந்த குழு கெட்டவங்க இல்ல, நல்ல மனசோட வந்தவங்கதான். ஆனா கால் வீங்கினப்போ அவங்க அங்க இல்லை, நர்சம்மாதான் இருந்தாங்க.

கிராமம்னா அங்க ஒன்னுமே இல்ல, நாம போய்த்தான் எல்லாம் குடுக்கணும்னு இங்க நிறைய பேரு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. தமிழ்நாட்டை பொறுத்த வரைக்கும் இது தப்பு. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அதுக்கு கீழ துணை சுகாதார நிலையம் இருக்கு, கிராம சுகாதார நர்ஸ் இருக்காங்க, 108க்கு அடிச்சா ஆம்புலன்ஸ் வரும். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, பிபி, சுகர் உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து செக் பண்ணி மாத்திரை குடுக்கறாங்க. அந்தம்மாவோட முதல் அட்டை அப்படி வந்ததுதான். குறை இல்லைன்னு சொல்லலை, ஆள் பத்தாது, தூரம் உண்டு, சில நேரம் மருந்து தீர்ந்துடும். ஆனா இருக்கிறது என்னன்னு தெரியாம, அதுக்கு பக்கத்துல நாம தனியா ஒரு கடை விரிச்சா மேல சொன்ன மாதிரிதான் ஆகும்.

இதை நம்ம ஊரு பழக்கத்தோட வச்சு பாருங்க. 2023 ஜூலையில இருந்து ஹெல்தியர் எஸ்ஜின்னு சொல்லி, ஒரு ஆளுக்கு ஒரு குடும்ப டாக்டர், அவரே தொடர்ந்து பாக்கணும்னு அரசாங்கம் நம்மள பதிஞ்சுக்க சொல்லுது. பிபியும் சுகரும் ஒரு நாள்ல பாத்து முடிக்கிற வியாதி இல்லைன்னு தெரிஞ்சுதான் இவ்வளவு செலவு பண்றாங்க. நம்ம அப்பா அம்மாவுக்கு அது வேணும், புதுக்கோட்டையில இருக்கிற அம்மாவுக்கு மட்டும் வருஷத்துல ஒரு நாள் போதுமா?

கிளினிக்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், போகாதவங்களுக்கு தெரியணும். காலையில ஏழு மணிக்கெல்லாம் ஜனங்க வந்து வேப்பமரத்தடியில உக்காந்துடுவாங்க, டோக்கன், அப்புறம் பிபி, சுகர், அப்புறம் டாக்டர், கடைசியா மருந்து. வெயில்ல ரெண்டு மைல் நடந்து வந்தவங்களுக்கு உடனே பிபி பாத்தா ஏறித்தான் இருக்கும், அஞ்சு நிமிஷமாவது உக்கார வச்சு பேச்சு குடுக்காம பாக்கணும். நாம இங்கிருந்து கொண்டு போற கையில சுத்தற பட்டை நம்ம ஊரு கைக்கு சரி. வயல்ல வேலை செஞ்சு ஒல்லியா இருக்கிற பொம்பளைங்க கைக்கு அது பெருசு, பெருசா இருந்தா பிபி உள்ளதை விட கம்மியா காட்டும், அப்புறம் "உங்களுக்கு ஒன்னும் இல்லம்மா"ன்னு சொல்லி அனுப்பிடுவோம்.

சுகர்ல இன்னொன்னு. ஜூன்ல அந்த பக்கம் பலாப்பழ சீசன், ஆலங்குடி வடகாடு பக்கமெல்லாம் ரோட்டோரம் குவிச்சு வச்சிருப்பாங்க. ஒரு அக்கா விரல்ல குத்தி பாத்தப்போ மெஷின் 15ன்னு காட்டுச்சு, நம்ம ஊரு கணக்குல அது ரொம்ப அதிகம், கூட வந்த வாலண்டியர் தம்பி பதறிப்போய் டாக்டரை கூப்பிட ஓடினாரு. நர்சம்மா அந்த அக்கா கையை பிடிச்சு மோந்து பாத்தாங்க, "பழம் உரிச்சிட்டு வந்தியாடி?"ன்னு கேட்டாங்க. ஆமாம், விடியக்காலையில இருந்து சுளை எடுத்திருக்காங்க. சோப்பு போட்டு கழுவி, நல்லா துடைச்சு, வேற விரல்ல குத்தினா 6க்கு கீழ. அன்னைக்கு அந்த நர்சம்மா இல்லாம நாங்க மட்டும் இருந்திருந்தா ஒரு நல்ல ஆளுக்கு சுகர் மாத்திரை குடுத்து அனுப்பியிருப்போம், வீட்ல போய் மயங்கி விழுந்திருந்தா யாருக்கு தெரியும்.

அந்த 15ங்கற நம்பரே ஒரு பிரச்சினை. நம்ம ஊரு மெஷின் மில்லிமோல் கணக்குல காட்டும், தமிழ்நாட்டுல எல்லாரும் மில்லிகிராம் கணக்குதான், 18ஆல பெருக்கணும், நம்ம 15 அவங்களுக்கு 270. சீட்டுல சும்மா 15ன்னு எழுதி குடுத்தா அந்த ஊரு டாக்டருக்கு அது ஒன்னும் புரியாது, இல்ல எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்கன்னு தூக்கி போட்டுடுவாரு. இப்ப நாங்க மெஷினையும் ஸ்ட்ரிப்பையும் திருச்சியிலயே வாங்கிடறோம். ஸ்ட்ரிப்பை வேன்ல வெயில்ல வச்சிட்டு சாப்பிட போகக்கூடாது, பொதுவா 30 டிகிரிக்கு மேல அது தாங்காது, ஜூன் மாசம் அங்க மத்தியானம் வேனுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம்.

மருந்தும் அப்படித்தான். வீட்ல மிச்சமான மாத்திரையெல்லாம் சபையில ஒரு பெட்டி வச்சு சேகரிச்சு லக்கேஜ்ல அடைச்சு கொண்டு போற வழக்கம் இன்னும் சில இடத்துல இருக்குன்னு கேள்விப்படறேன். ஒரு நோயாளிக்கு குடுத்து திரும்பி வந்த மருந்தை தானமா குடுக்கக்கூடாது, போய் சேர்றப்போ எக்ஸ்பைரிக்கு குறைஞ்சது ஒரு வருஷமாவது இருக்கணும், அந்த ஊருல புரியற பாஷையில லேபிள் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 1990கள்லயே வழிமுறை போட்டிருக்கு. அங்க மருந்து கிடைக்காத ஊரா? இந்தியாவுல மக்கள் மருந்தகத்துல நம்ம விலைக்கு எத்தனையோ மடங்கு மலிவா கிடைக்குது. அங்க வாங்கினா அந்த ஊரு டாக்டருக்கு தெரிஞ்ச பேரு, தீர்ந்தா அவங்களே போய் வாங்கிக்கலாம்.

இப்ப நான் மனசுல வச்சிருந்த ஒன்னை சொல்லணும், சபைக்காரங்க சில பேருக்கு வருத்தமா இருந்தாலும் பரவாயில்லை. வேற ஒரு கேம்ப்புக்கு உதவிக்கு கூப்பிட்டாங்கன்னு போனேன். டாக்டரை பாத்துட்டு மருந்து மேஜைக்கு போற வழியில ஜெப மேஜை, அதை தாண்டித்தான் போகணும், அப்படி வரிசை கட்டியிருந்தாங்க. வரிசையில நின்ன ஒரு பாட்டி, என் கண்ணு முன்னாடி, முந்தானையை எச்சில் தொட்டு நெத்தியில இருந்த விபூதியை அழுத்தி துடைச்சாங்க. யாரும் துடைக்க சொல்லலை. ஆனா துடைச்சாத்தான் மருந்து கிடைக்கும்னு அந்த பாட்டிக்கு தோணியிருக்கு. நான் போய் கையை பிடிச்சுக்கிட்டேன், "வேணாம் ஆத்தா, அது இருக்கட்டும், மருந்து எல்லாருக்கும் உண்டு"ன்னு சொன்னேன். "அப்படியா தாயி"ன்னு கேட்டுட்டு என் முகத்தையே பாத்தாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரலை.

நான் விசுவாசி. ஜெபத்துல எனக்கு முழு நம்பிக்கை உண்டு, இயேசு குணமாக்கறாருன்னு நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனா அவர் பத்து குஷ்டரோகிகள சுகமாக்கினப்போ திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருத்தன்தான், மத்த ஒன்பது பேருக்கு குடுத்த சுகத்தை அவர் திருப்பி எடுத்துக்கலை. ஜெபம் வேணும்னு அவங்களா கேட்டா தனியா உக்காந்து பண்ணுங்க, மருந்து வாங்கி முடிச்ச பிறகு, வேற இடத்துல. நாங்க இப்ப போற கிளினிக்ல அப்படித்தான், அங்க உள்ள சபை போதகரே அந்த விஷயத்துல ரொம்ப கண்டிப்பு. இன்னொன்னு, டூரிஸ்ட் விசாவுல போய் பிரசங்கம் பண்றது இந்திய சட்டப்படி கூடாது. நம்ம ஊரு டாக்டர்ங்க அங்க போய் மருந்து எழுதறதுக்கும் அந்த நாட்டு பதிவு வேணும், வெளிநாட்டு டாக்டர் யாரும் சும்மா வந்து நம்ம ஊரு கம்யூனிட்டி கிளப்ல உக்காந்து ஊசி போட முடியுமா, அதே சட்டம்தான் அங்கயும். அந்த ஊரு டாக்டர் எழுதட்டும், நம்ம டாக்டர் பக்கத்துல உக்காந்து யோசனை சொல்லட்டும், அது போதும்.

சபைகள்ல இந்த ட்ரிப்பை பத்தி பேசறப்போ நல்ல சமாரியன் கதையை எடுக்காதவங்க கிடையாது, லூக்கா பத்தாம் அதிகாரம். ஆனா எண்ணெயும் திராட்சரசமும் ஊத்தி காயம் கட்டினதோட எல்லாரும் நிறுத்திடறாங்க. அதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு படிங்க. அவனை தன் வாகனத்துல ஏத்தி சத்திரத்துக்கு கொண்டு போறான். ராத்திரி கூட இருந்து பாத்துக்கறான். மறுநாள் சத்திரக்காரன் கையில ரெண்டு பணம் குடுத்து இவனை பாத்துக்கோ, மேல செலவானா நான் திரும்பி வர்றப்போ தர்றேன்னு சொல்றான். அந்த ஊருல இருக்கிற ஆள்கிட்ட ஒப்படைச்சான், காசு குடுத்தான், திரும்பி வர்றேன்னு வாக்கு குடுத்தான். இந்த மூனும் இல்லாத கேம்ப்புக்கு அந்த வசனத்தை பேனர்ல போடாதீங்க.

தமிழ்நாட்டுல மெடிக்கல் மிஷன்னா வேலூர்தான் முதல்ல ஞாபகம் வரும். அமெரிக்க மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது, இன்னைக்கு சிஎம்சி. அவங்க குடியாத்தம் ரோட்டுல மரத்தடி கிளினிக் நடத்தினாங்க, நாம பண்ற மாதிரி ஒரு நாள் கூத்து இல்லை, வாரா வாரம் அதே ரோடு, ஜனங்க அந்த மரத்தடியில காத்துக்கிட்டு இருப்பாங்க. 1909ல நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சாங்க, 1918ல பொண்ணுங்களுக்கு டாக்டர் படிப்பு ஆரம்பிச்சாங்க. வெளிநாட்டுல இருந்து தான் ஒருத்தி வந்து எல்லாரையும் பாத்து முடிக்க முடியாதுன்னு அவங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, அந்த ஊரு பொண்ணுங்களையே டாக்டராவும் நர்சாவும் ஆக்கினாங்க. எங்க கிளினிக் நர்சம்மாவும் மிஷன் ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்தவங்கதான்.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம சிங்கப்பூரே ஒரு காலத்துல மெடிக்கல் மிஷன் வந்து இறங்கின ஊருதான். 1913ல ஆங்கிலிக்கன் பிஷப்போட மனைவி, டாக்டர் சார்லட் ஃபெர்குசன் டேவி, பென்கூலன் ஸ்ட்ரீட்ல ஏழை பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஒரு சின்ன மருந்தகம் திறந்தாங்க, அதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் ஆஸ்பத்திரியா வளர்ந்துச்சு, இன்னைக்கு சீமெய்ல அவங்க சமூக மருத்துவமனை இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல அதே ஊருல. அவங்க ஒரு நாள் பந்தல் போட்டுட்டு அடுத்த வருஷம் பினாங்கு, அதுக்கடுத்த வருஷம் ரங்கூன்னு போயிருந்தா நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கேம்ப்பே கூடாதுன்னு நான் சொல்லலை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைய பாருங்க, 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட தொடங்கினது. அவங்களும் கிராமத்துல கேம்ப் போடறாங்க, ஆனா அங்க பரிசோதனை மட்டும்தான், புரை இருந்தா பஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் இலவசமா ஆப்பரேஷன், சாப்பாடு, தங்க இடம், அப்புறம் திரும்ப ஊருல கொண்டு வந்து விட்டு, மறுபடியும் வந்து கண்ணை பாக்கறாங்க. கேம்ப்புக்கு பின்னாடி ஆஸ்பத்திரி இருக்கு. நம்ம கேம்ப்புக்கு பின்னாடி என்ன இருக்குன்னு ஒவ்வொரு டீம் லீடரும் யோசிக்கணும்.

பிள்ளைங்கள கூட்டிட்டு போறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், அதை தப்பா நினைக்காதீங்க. போன தடவை வந்த பாலிடெக்னிக் பிள்ளைங்க ரெண்டு பேரு, தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், மருந்து மேஜையில உக்காந்து ஒவ்வொரு காகித கவர்லயும் காலைக்கு சூரியன், ராத்திரிக்கு நிலா, சாப்பாட்டுக்கு அப்புறம்னா ஒரு தட்டுன்னு படம் வரைஞ்சாங்க, எழுத்து தெரியாத ஜனங்களுக்கு அதுதான் பிரிஸ்கிரிப்ஷன். ஒரு தாத்தா கவரை திருப்பி திருப்பி பாத்துட்டு "நிலா மாத்திரை ரெண்டு, சூரியன் ஒன்னு, சரியா"ன்னு அவரே சொன்னாரு. அது நல்ல வேலை. ஆனா பதினாறு வயசு பிள்ளை கையில ஊசியை குடுத்து விரல்ல குத்த சொல்றது, புண்ணுக்கு கட்டு போட சொல்றது, அதை வீடியோ எடுக்கறது, இதெல்லாம் வேண்டாம். இங்க பாலிகிளினிக்ல ஒரு நோயாளியை போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போட்டா எனக்கு வேலை போயிடும், போகணும். அங்க உள்ளவங்க ஏழைங்கறதால அந்த மரியாதை குறைஞ்சிடுமா?

காசு விஷயத்துல ஒரு வார்த்தை. ஒரு ஆளுக்கு டிக்கெட்டு, வேன், ரூம், டி-ஷர்ட்டுன்னு ஆகற செலவை கூட்டி பாருங்க. நாலு பேரு குறைச்சு போனா மிச்சமாகற காசு அந்த நர்சம்மா சம்பளத்துக்கு போகலாம், சுகர் புண்ணு முத்தி போனவங்கள புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டு போற ஆட்டோ செலவுக்கு போகலாம். ஆஸ்பத்திரியில வைத்தியம் இலவசம்தான், ஆனா போக வர காசும், கூட இருக்கறவங்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டமும்தான் பல பேரை வீட்லயே உக்கார வைக்குது. ஆனா கையில கவர்ல வச்சு குடுக்காதீங்க, வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கணும், அதுக்குன்னு உள்ள பேங்க் கணக்குலதான் வாங்கணும், இல்லன்னா மாட்டிக்கறது அவங்க, நாம இல்ல.

போக முடியாதவங்க கவலைப்பட வேண்டாம். அந்த கிளினிக்ல கால் புண்ணோட வந்த ஒரு அம்மா நான் சிங்கப்பூர்னு தெரிஞ்சதும் கையை விடவே இல்லை, பையன் இங்க துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் டார்மிட்டரியில இருக்கானாம், "அவனுக்கும் தலைவலி தலைவலிங்கறான் தாயி, ஆஸ்பத்திரிக்கு போக மாட்டேங்கறான், நீ பாத்தியன்னா சொல்லு"ன்னு நம்பர் குடுத்தாங்க. திரும்பி வந்து கூப்பிட்டேன், ஞாயித்துக்கிழமை தேக்காவுல வந்து பாத்தாரு, பிபி 160க்கு மேல. வேலை போயிடுமோன்னு பயந்து சூப்பர்வைசர்கிட்ட வாயே திறக்கலை. 2022ல இருந்து டார்மிட்டரியில உள்ள ஊழியர்களுக்கு முதலாளி வாங்க வேண்டிய ஒரு மருத்துவ திட்டம் இருக்கு, அவருக்கும் அது உண்டு, அதுல எங்க போகணும், போய் என்ன சொல்லணும்னுதான் அவருக்கு தெரியலை. அன்னைக்கே கூட்டிட்டு போய் விட்டேன், இப்ப மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரு. இந்த மாதிரி பையன்கள் இந்த ஊருல எத்தனை பேரு! 2006ல இருந்து ஹெல்த்சர்வ்னு ஒரு கிறிஸ்தவ அமைப்பு இவங்களுக்காகவே கிளினிக் நடத்துது. டாக்டர் சொல்றதை தமிழ்ல எடுத்து சொல்ல, பயத்தை போக்க, பக்கத்துல உக்கார ஆள் வேணும். அதுக்கு பாஸ்போர்ட் வேண்டாம், லீவு வேண்டாம், சனி ஞாயிறுல ரெண்டு மணி நேரம் போதும். புதுக்கோட்டைக்கு போய் அம்மாவுக்கு கட்டு போடற நாம, எம்ஆர்டியில பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற பையனை கண்டுக்காம இருந்தா அது என்ன ஊழியம்?

இந்த டிசம்பர் டீம் லீடர்கள் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, போற ஊருல உள்ள நர்சுக்கோ டாக்டருக்கோ ஒரு போன் போட்டு "உங்களுக்கு என்ன வேணும், நாங்க வர்றது உங்களுக்கு உதவியா, இடைஞ்சலா"ன்னு கேளுங்க. கேக்கறதுக்கு அங்க ஆளே இல்லைன்னா அந்த ஊருக்கு கேம்ப் போடாதீங்க. எங்க நர்சம்மாகிட்ட கேட்டப்போ அவங்க சொன்ன லிஸ்ட்ல ஒரு மாத்திரை பேரு கூட இல்லை. ஒல்லி கைக்கு சின்ன சைஸ் பிபி பட்டை, கட்டு போட காஸ் துணி, மரத்துப்போன காலுக்கு போடற எம்சிஆர் செருப்பு ஆறு, ஏழு, எட்டு நம்பர்ல, நோயாளி விவரம் எழுத கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு, அப்புறம் ஒரு வாரம் அவங்க இடத்துல நின்னு பாத்துக்க ஒரு தாதி, ஏன்னா மக பிரசவத்துக்கு போகணும், லீவு எடுக்க வழியில்லை. அந்த நாட்டு பதிவு இல்லாம அவங்க இடத்துல நான் நிக்க முடியாது, அதனால நாங்க குறைச்ச ஆளுங்களோட டிக்கெட் காசுல திருச்சியில இருந்து பதிவு உள்ள ஒரு நர்சை அந்த ஒரு வாரத்துக்கு ஏற்பாடு பண்ணோம், நான் அவங்க கூட நின்னு பதிவேடு எழுதினேன், கட்டு பிரிச்சேன்.

சபைகள் பேரு எடுத்து முடிக்கிறதுக்குள்ள, அதாவது நவம்பர் முதல் வாரத்துக்குள்ள இந்த கடிதத்தை போட்டீங்கன்னா உபகாரமா இருக்கும். இடம் பத்தலைன்னா வேலூர் கதையை வெட்டிடுங்க, அந்த ரெண்டு அட்டை ஆம்லோடிபின் விஷயத்தையும், விபூதி துடைச்ச பாட்டியையும் மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
ஒரு தாதி, தமிழ் சபை உறுப்பினர்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்